கூரைக்குள் செம்பு, முற்றம் கடந்தால் பைபர்

யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடோ கடையோ கட்டுகிறவர்கள் பூச்சு வேலை தொடங்கும் நேரத்தில் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "இப்போது எல்லாம் பைபர்தானே, உள்ளேயும் பைபரே போட்டுவிடலாமா?" வீதிக் கம்பத்திலிருந்து இணைய நிறுவனத்தின் மெல்லிய கறுப்புக் கேபிள் வந்து வீட்டுக்குள் ஒரு சிறிய பெட்டியில் முடிகிறது. அது பைபர், அதாவது ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, என்பதால், அதற்குப் பின்னால் வருவதும் பைபராக இருந்தால்தான் முழு வேகமும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். ஒழுங்காகப் போட்ட செப்புக் கேபிள் ஒன்று விநாடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். சாதாரண வீட்டு இணைப்பு எதுவும் அந்த அளவை நிரப்பாது. ஆகவே வேகத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். எந்தக் கேபிள் என்பதைத் தீர்மானிப்பது, அது எந்த வழியால் போகிறது, போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்பவைதாம்.

முதல் வேலை: வளவைக் கீறுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் வளவைக் கீறுங்கள். வீடு, பின்கட்டு, கடை, கிணறு, தண்ணீர்த் தாங்கி, படலை எல்லாம் அதில் வரட்டும். ரவுட்டர் எங்கே இருக்கப் போகிறதோ அங்கிருந்து கணினி, கமரா, வைஃபை கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுங்கள். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டின் வழியே நடந்து அளக்கவேண்டும். பார்வைக்கு 20 மீற்றர் என்று தெரிவது, சுவரேறி, சீலிங்கின் மேலால் சுற்றி, மறுபக்கம் இறங்கும்போது 35 மீற்றர் ஆகிவிடும். ஏறி இறங்கும் உயரத்தைச் சேர்க்க மறப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் விடுகிற பிழை.

ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள். நீளம் எத்தனை மீற்றர்? வழியில் கூரையை விட்டு வெளியே போகிறதா? முனையில் இருக்கும் கருவிக்கு அதே கேபிள் வழியாக மின்சாரமும் போகவேண்டுமா? வேலையில் பாதி இத்துடன் முடிந்துவிடும்.

செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர். அதில் 90 மீற்றர் சுவருக்குள் நிரந்தரமாகக் கிடப்பது. மிகுதி 10 மீற்றர் இரு முனைகளிலும் கொழுவும் சிறு கேபிள்களுக்கு. 110 மீற்றரிலும் சில வேளை வேலை செய்யும். ஆனால் மழை நாளில் அறுந்து அறுந்து வரும் இணைப்பின் காரணத்தைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும். எல்லையைத் தாண்டும் கோட்டுக்கு யோசனையே வேண்டாம், பைபர்தான்.

முற்றத்தைக் கடக்கும் கேபிள்

இந்த இடத்தில் நின்று நிதானித்துச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு வேலை செய்தேன். ஒரே வளவில் இரண்டு கட்டடங்கள், நடுவில் முற்றம். கேபிளின் நீளம் 60 மீற்றர் வந்தது. எல்லைக்குள்தானே என்று செப்புக் கேபிளையே குழாய்க்குள் விட்டு இழுத்தேன். பல மாதங்கள் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வளவுப் பனையில் இடி விழுந்தது. எங்கள் கட்டடத்தின் ஓடுகூட அசையவில்லை. ஆனால் இரண்டு பக்கத்து நெற்வேர்க் சுவிட்சுகளும், அதாவது பல கருவிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிகளும், செத்துவிட்டன. நான்கு கணினிகளில் நெற்வேர்க் கொழுவும் துவாரம் கருகிவிட்டது. சுவிட்சைத் திறந்தபோது, துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய கறுப்பு மின்மாற்றியின் மேற்பக்கம் வெடித்து, சுற்றிவர மிளகுத்தூள் கொட்டியதுபோலக் கரி படிந்திருந்தது. அந்த மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பிள்ளைகளின் வகுப்பு நின்றுபோனது என் கேபிளால்தான்.

நடந்தது இதுதான். இடி நிலத்தில் இறங்கும்போது அந்த மின்னோட்டம் நாலா பக்கமும் பரவுகிறது. அப்போது ஒரு கட்டடத்தின் ஏர்த்துக்கும் மற்றக் கட்டடத்தின் ஏர்த்துக்கும் இடையில் ஒரு கணத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு உண்டாகும். இரண்டையும் செப்புக் கேபிள் தொடுத்திருந்தால் அந்த வேறுபாடு அதன் வழியாகவே பாயும். நேரே இடி விழத் தேவையே இல்லை. நெற்வேர்க் துவாரத்துக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி ஏறக்குறைய 1500 வோல்ட் வரை தாங்கும்படி அமைக்கப்படுகிறது. அன்றாடக் குழப்பங்களுக்கு அது போதும், இடிக்குப் போதாது.

எங்கள் மண்ணில் இந்த ஆபத்தை அலட்சியம் செய்யக்கூடாது. குடாநாட்டின் பல இடங்களில் செம்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே சுண்ணாம்புக்கல் வந்துவிடுகிறது. ஏர்த் கோலை ஆழமாக இறக்குவதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையோடு இடிமுழக்கம். சித்திரையிலும் பின்னேர இடி. வெட்டவெளியில் ஒற்றையாய் உயர்ந்து நிற்பது பனை.

பைபரின் உள்ளே இருப்பது கண்ணாடி. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஒரு கட்டடத்தில் என்ன நடந்தாலும் அந்தக் கேபிளின் வழியால் மற்றதற்குப் போகாது. அதனால் நான் வைத்திருக்கும் விதி இது: ஒரு கூரையை விட்டு இன்னொரு கூரைக்குப் போகும் கேபிள் 15 மீற்றராக இருந்தாலும் பைபர். விலை கொஞ்சம் கூடத்தான். நான்கு கணினிகளைத் திருத்திய செலவோடு வைத்துப் பாருங்கள்.

கூரைக்குள்: எந்தச் செம்பு?

ஒரே கட்டடத்துக்குள், 90 மீற்றருக்கு உட்பட்டதென்றால் செப்புக் கேபிள். இதற்கு முக்கிய காரணம் மின்சாரம். மேல்மாடி விறாந்தையில் வைக்கும் வைஃபை கருவிக்கும் மூலையில் மாட்டும் கமராவுக்கும் தரவும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகலாம். இதைப் பி.ஓ.இ. என்பார்கள். 2003இல் வந்த முதல் தரத்தில் 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை என்று அது வளர்ந்துவிட்டது. பைபரால் இது முடியாது. 2022இல் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணித்தியாலத்தையும் தாண்டிய நாட்களை நாங்கள் மறக்கவில்லை. பி.ஓ.இ. சுவிட்ச் ஒன்றுக்கு யூ.பி.எஸ். வைத்திருந்தவர்களின் கமராக்கள் அந்த யூ.பி.எஸ். தாங்கிய நேரம் வரைக்கும் உயிரோடு இருந்தன. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பிளக் வைத்திருந்தவர்களுக்கு, வெட்டிய நிமிடமே இருட்டு.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட் 5ஈ கேபிள் 100 மீற்றருக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். கேட் 6 அதே தூரத்துக்கு 1 கிகாபிட், ஏறக்குறைய 55 மீற்றர் வரை 10 கிகாபிட். கேட் 6ஏ முழு 100 மீற்றருக்கும் 10 கிகாபிட். ஆனால் தடிப்பானது, வளைக்கக் கடினமானது, முனை பொருத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். புதுக் கட்டடத்துக்குக் கேட் 6 போடுங்கள். ஏற்கெனவே சுவருக்குள் நல்ல கேட் 5ஈ இருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். 2016இல் வந்த தரத்தின்படி அதே கேபிளில் 2.5 கிகாபிட்டும் ஓடும். கேட் 7, கேட் 8 என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்பதற்கு வீட்டில் ஒரு தேவையும் இல்லை.

கூரைக்குள்ளும் பைபர் தேவைப்படும் இடங்கள் சில உண்டு: வெல்டிங் பட்டறை, பெரிய மோட்டர்கள் ஓடும் ஆலை, 100 மீற்றரைத் தாண்டும் நீண்ட மண்டபம். மோட்டரும் வெல்டிங்கும் எழுப்பும் மின் இரைச்சல் கண்ணாடியைத் தொடாது.

பெட்டிக்குள் இருப்பது செம்புதானா?

ஒரே அளவுப் பெட்டி, ஒரே 305 மீற்றர், ஒரே நீல நிறம், ஆனால் விலை பாதி. ஒருமுறை கடையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த இரண்டு பெட்டிகளையும் காட்டி, "தம்பி, இரண்டும் ஒரே கம்பிதானே, பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டார். இரண்டையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள் ஐயா என்றேன். தூக்கியவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. மலிவானது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புத் தோல் போர்த்தியது. செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி கூடியது. கை பொய் சொல்லாது.

அலுமினியத்தின் மின்தடை கூட. அதில் பி.ஓ.இ. மின்சாரத்தை அனுப்பினால் கேபிள் சூடாகும், தூரத்துக் கமரா இரவில் அகச்சிவப்பு விளக்கை எரிக்கத் தொடங்கியதும் மின்சாரம் போதாமல் அணைந்து அணைந்து எரியும். இரண்டு மூன்று முறை வளைத்தால் கம்பி முறிந்தும் போகும். ஈதர்நெட் எனப்படும் இந்த நெற்வேர்க் கேபிளுக்குரிய தரங்கள் இதை ஏற்பதே இல்லை. ஆனாலும் விற்கிறார்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு சாண் துண்டு வெட்டி வாங்குங்கள். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்றின் பிளாஸ்டிக்கை உரித்து, பேனாக்கத்தியின் முனையால் செம்பு நிறத்தை மெல்லச் சுரண்டுங்கள். நல்ல கம்பி எவ்வளவு சுரண்டினாலும் சிவந்தே இருக்கும். போலியில் இரண்டாவது கீறலிலேயே வெள்ளிபோல மினுங்கும் கோடு ஒன்று தெரியும். மல்டிமீற்றர் இருந்தால் இன்னும் உறுதி செய்யலாம். போட்டு முடித்த கேபிளின் ஒரு முனையில் ஒரு சோடிக் கம்பிகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, மறுமுனையில் ஓம் அளவைப் பாருங்கள். 100 மீற்றர் கேபிளுக்கு 19 ஓமுக்குள் வரவேண்டும், 50 மீற்றருக்கு அதில் பாதி. 25, 27 என்று வந்தால் அது செம்பு இல்லை.

முனை பொருத்தும்போது

நிற ஒழுங்கு இப்படி: பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, கேபிள் உங்களை நோக்கி வர, இடமிருந்து வலமாகச் செம்மஞ்சள் கோடிட்ட வெள்ளை, செம்மஞ்சள், பச்சைக் கோடிட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடிட்ட வெள்ளை, பச்சை, மண்ணிறக் கோடிட்ட வெள்ளை, மண்ணிறம். இரு முனைகளிலும் இதே ஒழுங்கு. பச்சைச் சோடி பிரிந்து நடுவில் நீலத்துக்கு இடம் விடுவது பலருக்குப் பிழைபோலத் தெரியும். அதனால் சோடி சோடியாக வரிசையாக வைத்துவிடுவார்கள். எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும் மலிவுச் சோதனைக் கருவி இதைக் கண்டுபிடிக்காது. ஆனால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அல்லது விட்டுவிட்டு வரும். இரண்டு கம்பிகளை முறுக்கியிருப்பதே ஒன்றின் இரைச்சலை மற்றது தின்பதற்காகத்தான். எனவே முறுக்கையும் 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

230 வோல்ட் வயர் போகும் குழாய்க்குள் நெற்வேர்க் கேபிளை விடவே கூடாது. மின்வேலைக்காரர் "ஒரே குழாயால் விடுவோம், சுவர் வெட்டுவது மிச்சம்" என்பார். மறுத்துவிடுங்கள். இது வேகத்தை விட உயிர் சம்பந்தப்பட்டது.

பைபர் வாங்கும்போது

ஒற்றைமுறை (சிங்கிள்மோட்), பன்முறை (மல்டிமோட்) என்று இரண்டு வகை. ஒற்றைமுறையில் ஒளி போகும் உட்கரு 9 மைக்ரோன், வெளியுறை பெரும்பாலும் மஞ்சள். பன்முறையில் உட்கரு 50 மைக்ரோன், உறை நீலப்பச்சை. பன்முறை 10 கிகாபிட் வேகத்தில் 300, 400 மீற்றரோடு நின்றுவிடும். ஒற்றைமுறை சாதாரண கருவியோடே 10 கிலோமீற்றர் போகும். இரண்டுக்கும் விலை வேறுபாடு இப்போது சொல்லும்படியாக இல்லை. ஒற்றைமுறையையே வாங்குங்கள், கேபிளையும் கருவியையும் ஒரே வகையில் வாங்குங்கள். இரண்டு இழை தேவை என்றால் நான்கு இழை உள்ள கேபிளைப் போடுங்கள். குழி வெட்டும் கூலிதான் பெரிது, மேலதிக இழை சில்லறைக் காசு.

முற்றத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். இங்கே கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் தட்டையான கேபிளின் ஓரத்தில் தாங்கும் கம்பி ஒன்று ஓடும், அது உருக்கு. இடிக்குப் பயந்து பைபர் போட்டுவிட்டு அந்த உருக்குக் கம்பியை இரண்டு வீட்டுக்குள்ளும் கொண்டுபோனால், வேலை செய்ததன் பயனே இல்லை. அதைச் சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட்டு, கண்ணாடி இழை உள்ள பகுதியை மட்டும் உள்ளே விடவேண்டும். இழையின் இருபக்கமும் இன்னும் இரண்டு நுண்ணிய கம்பிகள் இருக்கும். அவை சில கேபிள்களில் உருக்கு, சிலவற்றில் பிளாஸ்டிக்கில் பதித்த கண்ணாடி நார். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் உருக்கு, வேறு கேபிள் கேளுங்கள். எலித்தொல்லைக்கு விற்கும் கவசக் கேபிளிலும் இதே உலோகம் உண்டு, நல்ல பி.வி.சி. குழாய்க்குள் உலோகமில்லாத கேபிளை விடுவதே எனக்குத் திருப்தி.

இரு முனைகளிலும் என்ன கொழுவுவது? சுவிட்சில் பைபர் கருவியைச் செருகும் எஸ்.எஃப்.பி. துவாரம் இருந்தால் அதற்குரிய சிறு கருவி. இல்லையென்றால் பைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வேர்ட்டர் என்ற சிறு பெட்டி. ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் கருவிகள் சோடியாக வரும். ஒன்று 1310 நனோமீற்றரில் அனுப்பினால் மற்றது வேறு அலைநீளத்தில் அனுப்பும். ஒரே மாதிரி இரண்டை வாங்கிக்கொண்டு வந்து "பைபர் வேலை செய்யவில்லை" என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம். தூரம் கூடிய 80 கிலோமீற்றர் கருவி நல்லது என்றும் எண்ண வேண்டாம். 50 மீற்றரில் அதன் ஒளி எதிர்ப்பக்கக் கருவியின் கண்ணையே குருடாக்கிவிடும்.

இழைகளை உருக்கி ஒட்டும் வேலையை இயந்திரம் வைத்திருப்பவரிடம் விடுங்கள். வீட்டு இணைப்புகள் பெருகிய பின் அந்த வேலை தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள். பச்சை நிற முனையையும் நீல நிற முனையையும் ஒன்றோடொன்று கொழுவக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பச்சையின் முகம் 8 பாகை சரிவாகத் தீட்டப்பட்டது, நீலத்தின் முகம் நேரானது. முனையைக் கொழுவும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய துடைப்பானால் துடையுங்கள். 9 மைக்ரோன் வாசலை அடைக்க எங்கள் செம்மண் தூசு ஒரு துகள் போதும். முனைக்குள் ஒருபோதும் கண் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும். வளைக்கும் இடத்தில் தேநீர்க் கோப்பையின் வாயைவிடச் சிறிய வட்டம் வேண்டாம்.

படலைக் கமரா என்ற சங்கடம்

எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். படலை வீட்டிலிருந்து 40 மீற்றர். கூரையை விட்டு வெளியே போகிறது, ஆகவே பைபர். ஆனால் கமராவுக்கு மின்சாரம் வேண்டும், ஆகவே செம்பு. படலைத் தூணில் விளக்குக்கு மின்சாரம் ஏற்கெனவே இருந்தால் அங்கே ஒரு மழைபுகாப் பெட்டி வைத்து, பைபரைக் கொண்டுபோய், அதற்குள் சிறு பி.ஓ.இ. சுவிட்சை வையுங்கள். இல்லையென்றால் நான் செய்வது இது. வெளியே போகும் கேபிளைச் செம்பாகவே விடுகிறேன். ஆனால் அதை வீட்டின் பிரதான சுவிட்சில் கொழுவுவதில்லை. மலிவான சிறு பி.ஓ.இ. சுவிட்ச் ஒன்றைத் தனியே வைத்து, வெளிக் கேபிள்களை எல்லாம் அதில் கொழுவி, அதிலிருந்து பிரதான சுவிட்சுக்கு ஒரே ஒரு மீற்றர் பைபர். இடி வந்தால் அந்தக் கேபிள் வழியில் போவது சிறு சுவிட்சும் அதில் கொழுவிய கமராக்களும் மட்டும். கணினிகளும் பதிவுக் கருவியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தப்பிக்கும். வெளிக் கேபிளின் வீட்டு முனையில் இடியால் வரும் மின்னழுத்தத்தை ஏர்த்துக்கு இறக்கும் பெட்டி (சேர்ஜ் புரொடெக்டர்) ஒன்றும் வைத்து ஒழுங்கான ஏர்த்தோடு தொடுத்துவிடுங்கள். மின்சார வயர் வழியாக வரும் இடிக்கு மெயின் பலகையில் தனிப் பாதுகாப்பு வேண்டும். பைபர் அதைத் தடுக்காது. கரையோரமாக, பருத்தித்துறைப் பக்கம் இருப்பவர்கள் வெளிப் பிளக்குகளை மழைபுகா உறைக்குள் வையுங்கள். உப்புக்காற்று உலோக முனைகளைச் சீக்கிரமே பச்சையாக்கிவிடும்.

மூடுவதற்கு முன்

குழாய் எதுவாக இருந்தாலும் தேவையைவிட ஓர் அளவு பெரிதாகப் போட்டு, உள்ளே நைலோன் நூல் ஒன்றை விட்டுவையுங்கள். அடுத்த கேபிளை இழுக்க அந்த நூல்தான் உதவும். கல் இருக்கும் இடத்தில் ஆழமாக வெட்ட முடியாவிட்டால் மதிலோரமாகக் குழாயைக் கொண்டுபோங்கள். தென்னையிலோ பனையிலோ கட்டாதீர்கள். காற்றில் மரம் ஆடும், மட்டை விழும். இரு முனைகளிலும் ஒரே எண்ணை அழியாத மையால் எழுதுங்கள். ஒவ்வொரு கேபிளையும் சோதித்த பிறகே பூச்சு வேலைக்காரரை வரச்சொல்லுங்கள். குழி திறந்திருக்கும்போதே படம் எடுத்து, கிணற்றுக் கட்டிலிருந்து எத்தனை அடி, மதிலிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்பதைத் தொடக்கத்தில் கீறிய அதே தாளில் எழுதி, வீட்டு உறுதியோடு வைத்துவிடுங்கள்.